குன்னூர் கற்பிக்கும் உணவுப் பாடம்

குன்னூர் என்றதும் நம்முள் பலருக்கு நினைவில் எழுவன மூன்று: சரிவெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற தேயிலைத் தோட்டங்கள், சிம்ஸ் பூங்காவில் மே மாதத்தில் நடைபெறும் பழக் கண்காட்சி, பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறும் சிறிய இரயில். கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறுவோர் இவற்றைக் கண்டு களித்துத் தைலமும் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். பூங்காவுக்கு அருகே நிற்கும் பாஸ்டர் ஆய்வு நிலையத்தை அவர்களுள் ஏறிட்டுப் பார்ப்போர் சிலரே. ஆயினும் நம் வீட்டு அடுப்பில் அன்றாடம் கொதிக்கும் உலைக்கும் அந்நிலையத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நாம் உண்ணும் சோறு நமக்கு எதைத் தருகிறது, எதைத் தராமல் ஏய்க்கிறது என்னும் கேள்வியை ஒரு மருத்துவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஆராய்ந்த இடம் அது. அம்மருத்துவரையும் அவர் கண்ட உண்மைகளையும் வாசகர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைப்பாதையில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலை இரயில் பாதை 1899-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்ற பெருமையும் இதற்கு உண்டு. கல்லாறு வரை சமவெளியில் சாதாரணமாய் ஓடும் வண்டி, அதன் பின் தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வரிசையைக் கவ்விக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி தொலைவுக்கு ஓர் அடி உயர்கிறதாம். ஏறத்தாழ 28 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கும் மேலாகிறது. விரைந்து செல்வதே பயணம் என்று பழகிப்போன நமக்கு, மெல்லச் செல்லும் இவ்வண்டி நல்லதொரு பயிற்சி.

சன்னலோரம் அமர்ந்து வருபவர்க்கு, மண்ணும் நீரும் காற்றும் மாற மாற விளைபொருளும் மாறுவது கண்கூடு. கல்லாற்றில் கமுகந்தோப்புகள், அவற்றைக் கடந்ததும் அடர்ந்த காடு, உயரே செல்லச் செல்லத் தேயிலை. இந்நீலமலையில் வாழும் படகர் பெருமக்கள் முற்காலத்தில் கேழ்வரகும் சாமையும் பயிரிட்டு உண்டவர்கள். இன்று அவர்தம் நிலங்களிற் பெரும்பகுதி தேயிலைக்கு இடங்கொடுத்துவிட்டது. உண்ணும் தானியம் விளைந்த மண்ணில் விற்கும் இலை விளைகிறது. விற்ற காசுக்கு அரிசி வருகிறது. இதனைக் குறையாகக் கூறவில்லை. வயிற்றுக்கும் வரவுக்கும் இடையே உழவன் செய்யவேண்டிய கணக்கு அது. ஆனால், உணவு மாறும்போது உடலும் மாறுமா என்னும் வினாவை இம்மலை நம்முன் வைக்கிறது.

பாஸ்டர் ஆய்வு நிலையம் 1907-ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பெற்றது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தருவதே அதன் முதற்பணி. இந்நிலையத்தின் ஒற்றை அறையில் 1918-ஆம் ஆண்டு வேறோர் ஆராய்ச்சி தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர்.

படை மருத்துவர் உணவு ஆராய்ச்சியாளர் ஆனது

மெக்காரிசன் அயர்லாந்தின் வட பகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டு பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து இந்நாட்டுக்கு வந்தார். அவருக்குக் கிடைத்த பணியிடங்கள் சித்ரால், கில்கித் என்னும் வடமேற்கு எல்லைப் பகுதிகள். பனிமலைகளின் இடுக்கில் கிடக்கும் அச்சிற்றூர்களில் படைவீரர்க்கும் பொதுமக்களுக்கும் அவர் மருத்துவம் செய்தார்.

கில்கித் பகுதியில் கழுத்தின் முன்புறம் கழலை தோன்றி வீங்கும் நோய் மிகுந்திருந்தது. ஒரே வாய்க்காலின் நீரைக் குடிக்கும் ஊர்களில், மேட்டு ஊரைவிடப் பள்ளத்து ஊரில் அந்நோய் மிகுதியாய் இருப்பதை அவர் கண்டார். உடனே ஏடெடுத்து எழுதி முடித்துவிடவில்லை. அந்நீரின் வண்டலைத் தாமே குடித்துச் சோதித்தார். தண்ணீரின் மாசே நோய்க்குக் காரணம் என்பது அவர் கருத்து. அயோடின் என்னும் சத்துக் குறைவே தலையாய காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. நம் கடைகளில் இன்று அயோடின் கலந்த உப்பு விற்கப்படுவது இதனால்தான். அறிஞர் சொல்வதெல்லாம் இறுதித் தீர்ப்பு அன்று. ஆனால் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தியவரின் நேர்மையை நாம் மதிக்கவேண்டும்.

கில்கித்துக்கு அப்பால் உன்சா என்னும் பள்ளத்தாக்கு. அங்குள்ள மக்களின் உடல் வலிமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. மருத்துவர் என்பவர் நோயாளியைத் தேடிச் செல்பவர். இவரோ நோயற்றவரைக் கண்டு, ‘இவர்களுக்கு ஏன் நோய் வரவில்லை?’ என்று கேட்டார். முழுத் தானியம், காய்கறி, பழம், பால் ஆகியவையே அம்மக்களின் உணவு. ஆலையிற் தீட்டிய பண்டம் எதுவும் அவர்களிடம் இல்லை. பிற்காலத்தில் வணிகர்களும் கதை புனைவோரும் ‘உன்சாவில் நூற்றைம்பது ஆண்டு வாழ்கிறார்கள்’ என்றெல்லாம் மிகைப்படுத்தினர். பிறப்புப் பதிவே இல்லாத இடத்தில் வயதை யார் எண்ணினார்? அத்தகைய கதைகளை நாம் நம்பவேண்டுவதில்லை. மெக்காரிசன் கேட்ட கேள்வி மட்டும் நம் சிந்தனைக்கு உரியது.

தவிட்டில் மறைந்திருந்த உயிர்

குன்னூரில் அவர் கையிற் கொண்ட முதல் ஆய்வு பெரிபெரி என்னும் நோய் பற்றியது. கால்கள் மரத்துப்போதல், வீங்குதல், நடை தளர்தல், இறுதியில் இதயம் நின்றுபோதல் என்பன இந்நோயின் படிகள். சத்தற்ற தாயின் பாலை உண்ட கைக்குழந்தையும் இதனால் மாண்டதுண்டு. சாவகத் தீவில் பணிபுரிந்த ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் இவ்வாறு நோயுறுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் முன்னரே கண்டிருந்தார். அதற்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் தவிடு என்று தள்ளிய பகுதியிலும், நெல்மணியின் முளைப்பகுதியிலுமே உயிர் காக்கும் சத்து ஒளிந்திருந்தது.

அக்காலச் சென்னை மாகாணத்தின் வடகோடியில், இன்று ஆந்திரத்தைச் சேர்ந்த வடசர்க்கார் மாவட்டங்களில், பெரிபெரி வேரூன்றியிருந்தது. அங்கே மக்கள் உண்டது ஆலையிற் தீட்டிய பச்சரிசி. அதே மாகாணத்தின் தென்பகுதியில், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிது. காரணம் யாது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீருடன் அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. அதன் பின் தீட்டினாலும் கழுவினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. வைட்டமின் என்னும் சொல்லே உலகில் பிறவாத காலத்தில், நெல் அவித்த நம் பாட்டிமார் தம்மை அறியாமலே தம் மக்களைக் காத்து வந்துள்ளனர்.

இவ்வளவு பயனுள்ள ஆராய்ச்சி தடையின்றி நடந்ததா என்றால், அதுவும் இல்லை. 1923-ஆம் ஆண்டு அரசாங்கத்தின் சிக்கன நடவடிக்கையால் அது நிறுத்தப்பட்டது. 1925-இல் மீண்டும் உயிர்பெற்று, 1928-இல் ‘உணவு ஆராய்ச்சிச் சாலைகள்’ என்னும் பெயருடன் விரிவடைந்தது. அதன் முதல் இயக்குநர் மெக்காரிசனே.

வெள்ளெலிகள் சொன்ன சாட்சி

அவர் செய்த ஆய்வுகளுள் நம்மை நேரே தொடுவது ஒன்று உண்டு. ஒரே வயதும் எடையும் உடைய இளம் வெள்ளெலிகளை இருபது இருபதாக ஏழு குழுவாகப் பிரித்தார். இந்நாட்டின் ஏழு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தார். இடமும் காற்றும் வெளிச்சமும் தூய்மையும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. உணவு மட்டும் வேறு.

சீக்கியர் உணவு என அவர் அமைத்ததில் முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரத்துக்கொருமுறை சிறிது இறைச்சி ஆகியன இருந்தன. அதனை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராமாக உயர்ந்தது. பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவுகளை உண்டவை வரிசையாகப் பின்தங்கின. கடைசி இடம் யாருக்கு? நம் சென்னை மாகாணத்து உணவுக்கே! தீட்டிக் கழுவிய அரிசியே பெரும்பகுதியாய், பாலும் காயும் கீரையும் அருகிய அந்த உணவை உண்ட எலிகளின் எடை 155 கிராம் மட்டுமே.

மற்றோர் ஆய்வில், இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட உணவைச் சில எலிகளுக்குக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், ஜாம், டப்பாவில் அடைத்த இறைச்சி, சர்க்கரை இட்ட தேநீர், வெந்து குழைந்த காய் ஆகியனவே அவை. அவ்வெலிகள் குன்றி மெலிந்ததோடு ஒன்றையொன்று கடிக்கவும் தொடங்கின. அறுபதாம் நாளளவில் வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னலாயின. தம் நாட்டு உணவைப் புகழ்ந்து பிறநாட்டு உணவை இகழும் எண்ணம் அவரிடம் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

நல்லுணவு பெற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை இரண்டேகால் ஆண்டு அவர் வளர்த்தார். மனித வாழ்வில் அது ஐம்பது ஆண்டுக்கு நிகர். அக்கூட்டத்தில் நோய் என்பதே ஏறத்தாழ இல்லை. குறையுணவு பெற்றவற்றிலோ, நுரையீரல், குடல், கண், தோல், காது என ஓர் உறுப்பையும் விடாமல் நோய் புகுந்தது. இதிலிருந்து அவர் கண்ட நெறி, உடலைத் துண்டு துண்டாகப் பார்த்தல் ஆகாது என்பதே. ஒரு சத்தை எடுத்து ஒரு நோய்க்குக் கட்டுவது மட்டும் மருத்துவம் ஆகாது. முழு உணவு முழு உடலைக் காக்கும். மண்ணையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோயம்புத்தூரில் பணியாற்றிய வேளாண் வேதியியலார் விசுவநாத் அவர்களுடன் சேர்ந்து, தொழுவுரம் இட்ட நிலத்துத் தானியத்தையும் இரசாயன உரம் இட்ட நிலத்துத் தானியத்தையும் 1926-இல் ஒப்பிட்டார். தொழுவுரத்தில் விளைந்ததே ஊட்டம் மிக்கது என்பது அவர்கள் முடிவு. மண், பயிர், சமையல், உடல் ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியாகக் கண்டவர் அவர். பள்ளி மாணவரும் படிக்கத்தக்க வகையில் ‘உணவு’ என்றொரு சிறு நூலையும் 1928-இல் வெளியிட்டார். 1935-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார்.

கடைசி இடம் ஏன் வந்தது?

நம் உணவுக்குக் கடைசி இடம் என்று கேட்டதும் நமக்குச் சற்றே சினம் எழுவது இயல்பு. எலி வேறு, மனிதன் வேறு என்று சொல்லலாம். ஓர் இனத்தார் அனைவரும் ஒரே வகையாய் உண்கின்றனர் என்பதும் பொருந்தாக் கணக்கே. தஞ்சையின் நிலக்கிழார் உண்டதும், அவர் வயலில் நடவு நட்டவர் உண்டதும் ஒன்றா? அந்த ஏழாம் கூண்டில் இருந்தது தமிழர் உணவு என்பதைவிட, ஏழையர் உணவு என்பதே பொருந்தும். பாலும் முட்டையும் காயும் சேர்க்கவேண்டும் என்பதை அறியாமையினால் மட்டும் மக்கள் விட்டுவிடவில்லை. வாங்க வழியின்றியே விட்டனர். அயலார் ஆட்சியில் ‘உங்கள் உணவு சரியில்லை’ என்று சொல்வது, ‘உங்கள் கூலி சரியில்லை’ என்று ஒப்புக்கொள்வதைவிட எளிது அன்றோ?

இக்குறையை நிறைவு செய்தவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள். அவரை அடுத்து இயக்குநரான அய்க்ராய்டு, நம் நாட்டுத் தானியம், பருப்பு, கீரை ஒவ்வொன்றிலும் உள்ள சத்துகளைக் கணக்கிட்டு 1937-இல் பட்டியலாக வெளியிட்டார். குன்னூரில் பிறந்த ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அதன் இயக்குநராய் விளங்கிய டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்து மண்ணின் மைந்தர். குன்னூர் ஆராய்ச்சி தொடங்கிய அதே 1918-இல் பிறந்து, நூறாண்டு நிறைந்து, 2019-இல் மறைந்தவர். ஏழைக் குழந்தைக்குப் புரதச் சத்துதான் குறைவு, அதற்குத் தனிப் பண்டம் தேவை என்று உலகெங்கும் பேசப்பட்ட காலத்தில், அக்குழந்தைக்கு முதற்குறை வயிறார உணவே என்று எடுத்துக்காட்டியவர் அவரும் அவருடைய குழுவினரும். வயிறு நிறைய நம் சாதாரண உணவு கிடைத்தாலே, அதிலுள்ள பருப்பும் தானியமும் பெருமளவு அக்குறையைத் தீர்த்துவிடும். டப்பாவில் விற்கும் மாவுக்குச் செலவிடும் பணத்தைச் சோற்றுக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் செலவிடுங்கள் என்பதே இதன் பொருள்.

1956-இல் காமராசர் காலத்தில் பரவத் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் இவ்வுண்மையின் வழியே நடந்த பணிகள்தாம். ஏழாம் கூண்டின் கதவைத் திறக்க ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. அடுப்பும் அரசும் அயலாரும் கைகொடுக்கவேண்டும்.

குன்னூர்ச் சந்தையில்

ஆய்வு நிலையத்தை வெளியினின்று பார்த்துவிட்டு நாம் குன்னூர்ச் சந்தைக்குள் இறங்கினோம். காரட், பீட்ரூட், நூல்கோல், முள்ளங்கி எல்லாம் தழையோடு குவிந்து கிடந்தன. விலை கேட்டு இரண்டு கட்டு எடுத்தோம். கடைக்கார அம்மையார் கத்தியைக் கையில் எடுத்தார்.

“இலையைக் கிள்ளிட்டுத் தரட்டுங்களா, ஐயா?”

“ஏனம்மா, இலை ஆகாதா?”

“ஆகுமுங்க. நாங்க பொரியல் பண்ணுவோம். வாங்கறவங்க வேண்டாங்கறாங்க. மாட்டுக்குத்தான் போடறோம்.”

மாடு கொடுத்து வைத்தது என்றே சொல்லத் தோன்றியது. நம் மாநிலத்துப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுற்றிருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆய்வுச்சாலை இருந்த அதே ஊரில், இரும்புச் சத்துள்ள தழை கூடையின் அடியில் தள்ளப்படுகிறது. தவிட்டைத் தள்ளினோம், கஞ்சியைத் தள்ளினோம், கீரைத் தழையைத் தள்ளினோம். பின்பு தள்ளியவற்றையே மாத்திரையாகவும் பொடியாகவும் விலை கொடுத்து வாங்குகின்றோம்.

‘எல்லோரும் உலக்கைக்குத் திரும்புங்கள்’ என்று மேடையில் பேசுவது எளிது. விடியற்காலையில் நெல் குத்திய பெண்களின் தோள்வலி அதைப் பேசுவோர் அறியார். ஆலை அவர்களுக்கு விடுதலை தந்தது; அதை நாம் மறுக்கலாகாது. ஆலையையே மிகுதியாய்த் தீட்டவேண்டாம் என்று கேட்கலாமே! வெண்மையே தரம் என்னும் எண்ணம் வாங்குவோரிடம் மாறினால், விற்பவரும் மாறுவர்.

இல்லத்தில் செய்யத்தக்கவை சில உண்டு. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியைக் கைவிடாதீர்கள். அரிசியைத் தண்ணீர் தெளியும் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவாமல் ஓரிரு முறை அலசுங்கள். கஞ்சியை வடித்தால் அதனை வீணாக்காதீர்கள். வாரத்தில் சில வேளை கேழ்வரகும் கம்பும் சாமையும் சோற்றின் இடத்தைப் பெறட்டும். தட்டிலே சோற்று மலை சிறுத்து, பருப்பும் கீரையும் காயும் பெருகட்டும். பயறு முளைகட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை. நீரிழிவு போன்ற நோயுடையோர், உணவு ஒன்றே போதும் என்று மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவர் சொற்படியே நடக்கவேண்டும். மெக்காரிசனும் மருத்துவரே, மருந்தின் பகைவர் அல்லர். இன்னொன்றும் உண்டு: பல வீடுகளில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் தாயே. சட்டியின் அடியில் சோறு இருக்கும், காய் இராது. இரத்தசோகையின் வேர்களுள் ஒன்று அந்தச் சட்டியில் இருக்கிறது. பரிமாறும்போதே அவர் பங்கையும் எடுத்து வையுங்கள்.

குன்னூர் செல்லும் வாய்ப்புக் கிட்டும்போது பூங்காவின் மலர்களைக் கண்டு மகிழுங்கள். அப்படியே அருகிலுள்ள அந்த ஆய்வு நிலையத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டி, ஏழு கூண்டுகளின் கதையைச் சொல்லுங்கள். சந்தையில் காய் வாங்கினால், இலையைக் கிள்ளவேண்டாம் என்று சொல்லி வாங்கி வாருங்கள்.